மாவு பூசிய மூடி

மூடிக்கும் சட்டிக்கும் நடுவே பூசிய மைதா மாவு காய்ந்துகொண்டு வருகிறது. ஒரே ஒரு இடத்தில், இடது கைப்பிடிக்குப் பக்கத்தில், மயிரிழை அளவுக்கு வெடிப்பு விட்டிருக்கிறது, அதன் வழியாக ஆவி ஊசி மாதிரி வருகிறது, நான் விரலைத் தண்ணீரில் தோய்த்து அந்த இடத்தைத் தடவிவிடுகிறேன், சுடுகிறது, சுட்டால் சுடட்டும், உள்ளே இருப்பது உள்ளேயே இருக்க வேண்டும். வெளியே வந்தால் மேலே போகும். இந்தச் சமையலறைச் சன்னலுக்கு நேர் மேலேதான் சிவஞானம் சார் வீட்டுப் பூஜை அறைச் சன்னல். அவர் மாடியில், நாங்கள் கீழே. வீடு அவருடையது. குடிவந்த அன்று மாடிப்படியில் மூன்றாவது படியில் நின்றபடி அவர் சொன்னதை நான் இன்றுவரை ஒரு சொல் மாறாமல் வைத்திருக்கிறேன். "மாணிக்கம் சார், நீங்க என்ன சாப்பிடுறீங்கன்னு நான் கேக்க மாட்டேன். வெளியில போய் என்ன வேணும்னாலும் சாப்பிடுங்க. இந்த வீட்டு அடுப்புல மட்டும் ஏத்த வேணாம். எங்க வீட்ல முட்டை உடைச்ச வாசனைகூட ஆகாது." நான் தலையை ஆட்டினேன். சரி என்றுகூட வாயால் சொல்லவில்லை, எனக்குப் பேச்சு வராது, யார் முன்னாலும் தலைதான் முதலில் ஆடும். ஆனால் ஆட்டினால் ஆட்டியதுதான். நேற்றுவரை ஒரு கருவாட்டுத் துண்டை இந்த வாசல் தாண்டி நான் கொண்டுவந்ததில்லை. நேற்று கொண்டுவந்தேன். கருவாடு இல்லை. மாட்டுக்கறி. தொடையின் மேற்பக்கம், எலும்பில்லாமல், ஒரே கட்டியாக. அது இந்த மூடிக்குக் கீழே இருக்கிறது. சன்னல்கள் எல்லாம் சாத்தியிருக்கின்றன. சமையலறை, முன்னறை, என் மகள் ஜெசி படுத்திருக்கும் அறை. கொல்லைக் கதவுக்கு அடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்திருக்கிறேன். சாக்கு சரியாக இருக்கிறதா, போய்ப் பார்க்க வேண்டும், இப்போதுதான் பார்த்தேன், இருந்தாலும் போய்ப் பார்க்கிறேன், சரியாகத்தான் இருக்கிறது, திரும்பி வருகிறேன், அதற்குள் அந்த வெடிப்பு மறுபடி வாயைத் திறந்திருக்கிறது.

அவள் கேட்கவில்லை என்றால் இதெல்லாம் இல்லை. கேட்டாள் என்பதுகூடச் சரியில்லை. நேற்று முன்தினம் கஞ்சியை ஒரு வாய் வைத்து, அதையும் பேசினில் கொட்டிவிட்டு, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல, "மம்மி மாட்டுக்கறில செய்யிற பாட் ரோஸ்ட் இருந்தா சாப்பிடுவேன்" என்றாள். பிறகு, "விடுங்கப்பா, சும்மா சொன்னேன்" என்றாள். எது சும்மா. மசக்கை வந்ததிலிருந்து இந்தப் பெண் வாய்திறந்து கேட்ட முதல் சாப்பாடு அது. இட்லி நிற்கவில்லை, ரசம் சோறு நிற்கவில்லை, இளநீர்கூட உள்ளே போன வேகத்தில் திரும்பி வருகிறது. டாக்டரம்மா எடை பார்க்கிற மெஷினின் முள்ளைத் தன் பேனாவால் தட்டிக் காட்டி, "தாத்தா, இன்னும் இறங்குச்சுன்னா கொண்டுவந்து அட்மிட் பண்ணிடுங்க" என்றார். கொண்டுவந்து என்றால் எதில். நச்சுக்கொடி கீழே இறங்கியிருக்கிறது, ஆட்டோ கூடாது, பஸ் கூடாது, மாடிப்படி கூடாது, படுக்கையைவிட்டு எழக்கூடாது என்று அன்றைக்கே சொன்னதும் இதே டாக்டரம்மாதான். முதல் பிள்ளை எங்களுக்குத் தெரியுமுன்னே கலைந்துபோய்விட்டது. இரண்டாவது, மருமகன் ரெனால்டுக்கு நாக்பூருக்கு மாற்றலாகி, அவர்கள் வீடு மாறினபோது, லாரியில் முன்சீட்டில் உட்கார்ந்து போனாளே, அப்போது. வீடு மாறினபோது. இந்த இரண்டு சொல்லும் என் தலைக்குள் ஒரே இடத்தில் வந்து மாட்டிக்கொள்கின்றன, நகர்த்தினால் நகர மாட்டேன் என்கின்றன. சிவஞானம் சாருக்கு வாசனை தெரிந்தால் வீடு மாற வேண்டும். வீடு மாறினால் அவளை அசைக்க வேண்டும். அவள் சாப்பிடாவிட்டால் ஆஸ்பத்திரிக்கு அசைக்க வேண்டும். எந்தப் பக்கம் போனாலும் அவளைத் தூக்கி எதிலோ உட்கார வைத்து யாரோ ஒருவன் வண்டியைக் கிளப்புகிற சத்தம்தான் கேட்கிறது. ஓட்டலில் வாங்கலாம் என்றால் அந்த மசாலா அவளுக்கு வாசலிலேயே குமட்டும். என் சம்சாரம் மதலேனின் தங்கை பொன்மலையில் இருக்கிறாள், அங்கே சமைத்துக் கொண்டுவரலாம் என்று பார்த்தேன், அவள் மகன் வீட்டுக்கு ஓசூர் போயிருக்கிறாள், ஈஸ்டர் கழித்துத்தான் வருவாளாம். நான்தான் பாக்கி.

நேற்று கறிக்கடையில்கூட எனக்கு வாய் வரவில்லை. இரண்டு பேர் வாங்கிப் போகும்வரை ஓரமாக நின்றேன். கடைக்காரன் கத்தியைத் தீட்டிக்கொண்டே, "என்ன பெரியவரே, வாங்க வந்தீங்களா, காவலுக்கு வந்தீங்களா" என்றான். ஒரே கட்டியாக வேண்டும் என்றேன். "துண்டு போட வேணாமா? முழுசா வச்சு என்ன பண்ணப் போறீங்க, தலைக்கு வச்சுப் படுக்கப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவனே சிரித்தான், ஆனால் நல்ல இடமாகத்தான் வெட்டித் தந்தான், ஓரத்தில் விரல் அகலம் கொழுப்போடு. அதைப் பேப்பரில் சுற்றி, அதன்மேல் வாழையிலை சுற்றி, பையின் அடியில் வைத்து, மேலே கேரட், பீன்ஸ், சின்ன உருளைக்கிழங்கு, கேரட்டின் தழை பைக்கு வெளியே தெரியும்படி வைத்தேன். தெரியட்டும் என்றுதான் வைத்தேன். கேட்டருகே சிவஞானம் சார் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். "என்ன மாணிக்கம் சார், கேரட் எல்லாம் பலமா இருக்கு?" "பிள்ளைக்கு சூப்பு சார்." "பேஷ், மிளகு தூக்கலாப் போடுங்க, குமட்டலுக்கு நல்லது." சூப்பு என்று எப்படி அவ்வளவு சுலபமாக வந்தது. யோசிக்காமலே வந்தது. எனக்கு உண்மையே யோசித்துத்தான் வரும், பொய் மட்டும் வரிசையில் நிற்காமல் முன்னால் வந்துவிட்டது. சூப்பு முழுப்பொய் இல்லை என்று சட்டியைப் பார்த்துக்கொண்டு இப்போது சொல்லிக்கொள்கிறேன், இதிலும் சாறு இருக்கும், காய்கறி இருக்கும், மிளகு இருக்கும். அவர் சொன்ன மாதிரி மிளகு தூக்கலாகத்தான் போட்டிருக்கிறேன். அதை நினைத்தால் இன்னும் மோசமாக இருக்கிறது. மனுஷர் நல்லது சொன்னார். பொய்க்கு நல்லது சொல்லிவிட்டு ஹோஸைச் சுருட்டிக்கொண்டு மேலே போனார். இன்று காலை அவர் பென்ஷன்காரர்கள் சங்கத்துக்கும், அவர் சம்சாரம் தையல்நாயகியம்மா அம்மன் கோயிலுக்கும் கிளம்பிப் போகும்வரை நான் தீக்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தேன். கேட் கொக்கி முதலில் ஒரு தடவை, அப்புறம் ஒரு தடவை. இரண்டாவது சத்தம் கேட்ட பிறகுதான் அடுப்பைப் பற்றவைத்தேன்.

சத்தம் மாறியிருக்கிறதா. குனிந்து மூடியருகே காதை வைக்கிறேன். கொதிக்கும் சத்தம் ஒன்று, வற்றும் சத்தம் ஒன்று. கொதித்தால் தொண்டைக்குள் பேசுவதுபோல இருக்கும், வற்றினால் எண்ணெய் மட்டும் தனியாகப் பொரியும். மதலேன் இப்படி மூட மாட்டாள். ரயில்வே குவாட்டர்ஸில் பக்கத்து வீட்டு மிஸஸ் பின்டோவிடம் இதைக் கற்றுக்கொண்டு, கிறிஸ்துமஸுக்கும் ஜெசி பிறந்தநாளுக்கும் செய்வாள். நிமிஷத்துக்கு ஒரு தரம் மூடியைத் திறந்து, கரண்டியால் சாற்றை மொண்டு கறியின் தலையில் ஊற்றி, மறுபடி மூடுவாள். வாசனை லைன் முழுக்கப் போகும், போகட்டும் என்றுதான் செய்வாள். என் வேலை கயிறு கட்டுவது மட்டும். நான் ஒர்க்ஷாப் ஸ்டோரில் சாமான் எடுத்துக் கொடுக்கிறவன், கட்டு போடுவதில் கை சுத்தம், கறி வேகும்போது பிரிந்து போகாமல் இருக்க நூல் கயிற்றைச் சம இடைவெளி விட்டுச் சுற்றி இறுக்குவேன், அவள் பக்கத்தில் நின்று, "ஆமா, அளந்து கட்டுங்க, செத்த மாடு எந்திரிச்சு ஓடிடப் போகுது" என்பாள். கட்டி முடித்ததும் என்னைச் சமையலறையைவிட்டு விரட்டிவிடுவாள். அதனால் எனக்குத் தெரிந்தது கயிறு வரைக்கும்தான். முள்கரண்டியால் குத்தி, வினிகரும் மிளகும் உப்பும் இஞ்சிபூண்டும் தேய்த்து ராத்திரி முழுக்க ஊறவைப்பது தெரியும், ஏனென்றால் அது பிரிட்ஜில் என் மோருக்குப் பக்கத்தில் இருக்கும். நெய்யில் எல்லாப் பக்கமும் புரட்டிச் சிவக்க வைப்பது தெரியும், வாசற்படியிலிருந்து பார்த்திருக்கிறேன். அதற்குப் பிறகு எவ்வளவு தண்ணீர், காய்கறி எப்போது, அதெல்லாம் அவள் கையில் இருந்தது, கையோடு போய்விட்டது. இரண்டு டம்ளர் ஊற்றினேன். போதுமா. மூடியைத் திறந்து பார்த்தால் தெரியும். திறந்தால் வாசனை. திறக்காமல் அடிப்பிடித்துவிட்டால், கருகின மாமிச வாசனைக்கு மாவாவது சாக்காவது, இந்தத் தெரு முழுக்கப் போகும், அத்தோடு அவளுக்குச் சாப்பாடும் போயிற்று, மேலே இரண்டு பேரும் இல்லாத இன்னொரு செவ்வாய்க்கிழமை இதே மாதிரி கிடைக்குமா. காது சுடுகிறது. தொண்டைக்குள் பேசுகிற சத்தம்தான். இல்லை, நடுவில் ஒரு பொரிதல். வருகிறதா, நான் நினைத்துக்கொள்கிறேனா. கேரட்டை விரல் நீளத்துக்கு வெட்டி வைத்தாயிற்று, உருளைக்கிழங்கு தோலுரித்து முழுசாக, பீன்ஸ் நரம்பெடுத்து. இவையெல்லாம் எப்படியும் உள்ளே போக வேண்டும். ஒரு தரம் திறந்துதான் ஆக வேண்டும். நேற்றிலிருந்தே தெரியும், அதற்காகத்தான் அதை வாங்கி வைத்தேன்.

கப் சாம்பிராணி. ஒரு பெட்டி. இது என் யோசனை, கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. சாம்பிராணி வாசனைக்கு முன்னால் எது நிற்கும், மேலே போனாலும் பூஜை அறைக்குப் போகிற வாசனைதானே. சமையலறைச் சன்னலடியில் ஒன்று, கொல்லைக் கதவருகே ஒன்று, நடையில் ஒன்று, முன்னறையில் ஒன்று. தட்டுகளில் வைத்துப் பற்றவைக்கிறேன். புகை நேராக எழுந்து, மேலே கான்கிரீட்டில் முட்டி, போக வழி இல்லாமல் இறங்கி வருகிறது. சன்னல் சாத்தியிருப்பதால் நல்லது, நிற்கும், கெட்டியாக நிற்கும். கண் எரிகிறது. இன்னும் கொஞ்சம் அடர்த்தியாகட்டும். இப்போது. கத்தி முனையை மாவுக்கும் சட்டிக்கும் நடுவில் விட்டுத் தட்டுகிறேன், ஓடு ஓடாகப் பெயர்கிறது, மூடியைத் துணியால் பிடித்துத் தூக்குகிறேன், முகத்தில் ஆவி அடிக்கிறது, கண்ணாடி வெளுத்துப் போகிறது, ஒன்றும் தெரியவில்லை, தெரியாமலே உருளைக்கிழங்கை இறக்குகிறேன், கேரட்டை இறக்குகிறேன், கண்ணாடி தெளிய அடியில் சாறு தெரிகிறது, பழுப்பாக, விரல் ஆழத்துக்கு, வற்றவில்லை, சேசுவே வற்றவில்லை, கறி கயிற்றுக்குள் சுருங்கி, சிவந்து, கட்டுக் குலையாமல் உட்கார்ந்திருக்கிறது, பீன்ஸ், அரை டம்ளர் வெந்நீர், மூடி. புது மாவு பூச வேண்டும். மாவைக் கையில் எடுக்கிறேன். அப்போதுதான் அந்த அறையிலிருந்து சத்தம் வருகிறது. குமட்டல். வெறும் வயிற்றிலிருந்து ஒன்றுமில்லாததை இழுத்து எடுக்கிற சத்தம்.

மாவுக் கையோடு ஓடுகிறேன். ஜெசி கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பேசினுக்கு மேல் தொங்குகிறாள், கழுத்து நரம்பு கயிறு கயிறாக நிற்கிறது. எழுந்துவிடக் கூடாது, அசையக் கூடாது, இந்த மாதிரி உதறக் கூடாது, இந்த ஒவ்வொரு உதறலிலும் உள்ளே அது என்ன பாடுபடும். முதுகைத் தடவ வருகிறேன், கையில் மாவு. வாசனை பட்டுவிட்டது என்றுதான் நினைக்கிறேன், கறி வாசனை, அவளுக்கே ஆகவில்லை, எல்லாம் வீண், அவள் வாயைத் துடைத்துக்கொண்டு, கண்ணில் நீரோடு என்னைப் பார்க்கிறாள். "அப்பா, என்ன பண்றீங்க நீங்க? வீடு பூரா சாம்பிராணி. எனக்கு அடக்கப் பூசை வைக்கிறீங்களா?" சிரிப்பதற்காகத்தான் சொன்னாள். பாதி சிரித்தாள், மீதியில் மறுபடி குமட்டியது. எனக்கு மண்டையில் யாரோ தட்டின மாதிரி ஆயிற்று. அடக்கப் பூசை. மதலேனின் சவப்பெட்டியைச் சுற்றிச் சாமியார் தூபம் ஆட்டிக்கொண்டு வந்தார், இவள் அப்போது என் கைக்குள் நின்றாள், அந்தப் புகைதான் இது. இதை நான் என் கையால், என் புத்தியால், சன்னல் எல்லாம் சாத்தி, அவளைச் சுற்றி. "கறி வாசனை ஆகலயாம்மா?" "கறியா? அது எங்க வருது? அது வந்தாத்தான் நான் பொழைச்சுக்குவேனே. இந்தப் புகைய எடுங்கப்பா முதல்ல, மூச்சு முட்டுது. சன்னலத் திறங்க." சன்னலைத் திறந்தால், என்று ஆரம்பித்தேன். என்ன என்பதுபோலப் பார்த்தாள். அவளுக்குச் சிவஞானம் சார் பேச்சு தெரியாது, நான் சொன்னதில்லை. திறந்தால் இன்று வீடு போகும். திறக்காவிட்டால் இப்போதே இவளுக்கு மூச்சு முட்டும். இதற்கு மேல் என் தலை ஓடவில்லை. அவள் மறுபடி பேசினை இழுத்தாள். தலைமாட்டுச் சன்னலின் தாழ்ப்பாளை மாவுக் கையால் தட்டித் திறந்தேன். கால்மாட்டுச் சன்னல். நடையிலிருந்த தட்டை வாளித் தண்ணீரில் கவிழ்த்தேன், ஸ் என்றது. முன்னறை. கொல்லைக் கதவு, சாக்கைக் காலால் தள்ளி. கடைசியில் சமையலறைச் சன்னல். மரம் ஊறிப்போய் நகரவில்லை, உள்ளங்கையால் குத்தினேன், படார் என்று வெளிச் சுவரில் போய் அறைந்தது. புகை வெளியே ஓடியது. பூசாத மூடியின் நாலு பக்கமும் ஆவி வந்தது, பட்டை, கிராம்பு, மிளகு, கொழுப்பு, எல்லாம் சேர்ந்து, மறைக்க ஒன்றுமில்லாமல், நேராக மேலே. நான் கையிலிருந்த மாவைத் தொட்டியில் போட்டுக் கழுவினேன். நகக்கண்ணில் இருந்தது போகவில்லை.

"யாரு வீட்ல?" என்றது வெளியே ஒரு குரல். தையல்நாயகியம்மா, கோயிலிலிருந்து, சன்னலுக்கு வெளியே, கையில் அர்ச்சனைத் தட்டு, நெற்றியில் இன்னும் காயாத குங்குமம். முந்தானை நுனி மூக்குக்குப் போய்விட்டிருந்தது. "என்னது இது மாணிக்கம் சார்?" சூப்பு இந்தத் தடவை வரவில்லை. "மாட்டுக்கறிம்மா" என்றேன். அந்தச் சொல்லுக்கும் அந்தத் தட்டுக்கும் நடுவே இரண்டு முழம்தான் இருந்தது. அவர் தட்டைச் சட்டென்று இடுப்புக்குப் பின்னால் கொண்டுபோனார். "பிள்ளைக்கு மசக்கை. இது ஒண்ணுதான் கேட்டா."  அவர் பார்வை என் தோளைத் தாண்டி அடுப்புக்குப் போய், திரும்பி வந்தது. "ஒண்ணுமே நிக்கலயா அவளுக்கு?" "தண்ணிகூட இல்லம்மா."  "நான் அவருகிட்ட எதையும் மறைக்க மாட்டேன். சொல்லிட்டேன்." "மறைக்க வேணாம்மா." "அவரு இப்ப வந்துருவாரு. அதுக்குள்ள அவளுக்குப் போடுங்க." முந்தானையை எடுக்காமலே போனார், மாடிப்படிப் பக்கம் இல்லை, குழாயடிக்கு. தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, நெடுநேரம் கால் கழுவினார்.

கேரட் குத்தினால் இறங்குகிறது. கயிற்றை வெட்டிப் பிரிக்கிறேன், கறி நாராக விடுகிறது, மெல்லியதாக அறுத்து, ஓரமாக ஒரு உருளைக்கிழங்கு, இரண்டு கேரட், சாறு. கொஞ்சமாக. கொஞ்சமாகத்தான் கொடுக்க வேண்டும். ஜெசி தலையணையில் சாய்ந்து தட்டை மடியில் வைத்துக்கொள்கிறாள். முகத்தைக் கிட்டே கொண்டுபோய் மோந்து பார்க்கிறாள். நான் பேசினைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். "பேசின அங்குட்டு வைங்கப்பா, தட்டோட தட்டா நீட்டிக்கிட்டு." வைக்கிறேன். ஒரு துண்டு. மெல்லுகிறாள். விழுங்குகிறாள். அவள் தொண்டையைத்தான் பார்க்கிறேன். இறங்கியது. நிற்குமா. ஏறுமா. கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள். "மம்மி இவ்வளவு மிளகு போட மாட்டாங்க" என்கிறாள். இன்னொரு துண்டை எடுக்கிறாள். சாற்றில் உருளைக்கிழங்கை மசிக்கிறாள். அப்போது கேட் கொக்கி. சிவஞானம் சாரின் செருப்பு. அந்தச் செருப்பு பாதி வழியில் நின்றுவிட்டது. குழாயடியிலிருந்து தையல்நாயகியம்மா குரல், ஏறாமல் இறங்காமல், "மாட்டுக்கறியாம். அந்தப் பொண்ணுக்கு மசக்கையாம்."  பிறகு, "மாணிக்கம் சார்." உள்ளே வந்துவிடுவார். அவள் மூன்றாவது துண்டை வாயில் வைத்திருக்கிறாள். நான் முன்னால் போய் வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிறேன். "சார், கொஞ்சம் அங்க நின்னு பேசலாம். பிள்ளை சாப்பிட்டுக்கிட்டு இருக்கா."

அவர் குடையை மடக்கவில்லை. "நாம என்ன பேசினோம்?" "அடுப்புல ஏத்தக் கூடாதுன்னு பேசினோம்." "நேத்து என்கிட்ட என்ன சொன்னீங்க?" "சூப்புன்னேன். பொய் சார்." அவர் முகம் சிவந்தது, கோபம் மட்டும் இல்லை, ஏமாந்துவிட்ட கூச்சமும் இருந்தது, அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை, தலை குனியப் பார்த்தது, குனிந்தால் ஆடிவிடும், ஆடினால் ஆடியதுதான், அதனால் அவர் குடைக்கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தேன். "உங்கள நான் வேற மாதிரி நெனச்சேன். இந்த மாசத்தோட காலி பண்ணிடுங்க, சார்." "முடியாது." யார் சொன்னது என்று ஒரு கணம் எனக்கே விளங்கவில்லை. அவருக்கும் விளங்கவில்லை. "என்ன?" "இப்ப முடியாது சார். அவள அசைக்கக் கூடாது. பிரசவம் ஆகட்டும், குழந்தைக்கு நாப்பது நாள் ஆகட்டும், நீங்க சொல்றதுக்கு முன்னால நானே சாமான் கட்டிடுறேன். நான் செஞ்சது தப்பு. நாளைக்கு அவ வேற கேட்டா வேற சமைப்பேன். இதையே கேட்டா இதையேதான் சமைப்பேன். சன்னலத் திறந்து வச்சுத்தான் சமைப்பேன். புகை அவளுக்கு ஆகல." இவ்வளவு பேச்சு என் வாயிலிருந்து ஒரே மூச்சில் வந்ததில்லை, முடிந்தபோது காது இரைந்தது. அவர் தன் சம்சாரத்தைப் பார்த்தார். அந்தம்மா ஈரக் காலோடு தூணில் சாய்ந்து, தட்டைப் பிடித்துக்கொண்டு, இருவரையும் பார்க்காமல் நின்றார். "இது என்ன நியாயம் சார்?" என்று சிவஞானம் சார் கேட்டார், குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது, நிஜமாகவே கேட்பது போல இருந்தது.  உள்ளேயிருந்து ஜெசி, "அப்பா, உருளைக்கிழங்கு இன்னும் இருக்கா?" என்றாள். இருக்கிறது. "வந்துடுறேன் சார்" என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். முதுகுக்குப் பின்னால் அவர் நிற்பது தெரிந்தது, படி ஏறுகிற சத்தம் இன்னும் கேட்கவில்லை. அதற்குக் காத்திருக்க முடியாது. மூடியைத் திறந்தேன்.